அலமாண்டாவுக்குப் போட்ட திராட்சைப் பந்தல்

1978 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்து. மேற்கு மலையிலிருந்து காற்றோடு சாரல் வந்துகொண்டிருந்தது. தேனியில் எங்கள் கொல்லைப்புறத்தில் மஞ்சள் பூப் பூக்கிற அலமாண்டாக் கன்றை நட்டோம். உயரம் பதினோரு அங்குலம், இலைகள் பத்தொன்பது.

குமுளிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் கன்று விற்க வந்தவர், "சாரே, இது நல்லா படரும். பந்தல் போட்டா மதி, அது போதும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

துவைக்கிற கல் மேற்கு வெயிலில் கிடந்தது. குழாயில் தண்ணீர் வருவதோ மூன்று மணிக்கு மேல். துவைத்து எழுந்தால் என் மனைவிக்குத் தலைவலி வந்துவிடும். "சித்திரைக்குள்ள அங்கன நெழல் வரலைன்னா, துணிய நீங்கதான் தொவைக்கணும்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அன்றிலிருந்தே கவலை.

அவள் தங்கையின் கணவர், என் சகலை, மார்க்கையன்கோட்டையில் திராட்சை போட்டிருந்தார். "கொடின்னு வந்துட்டா எனக்கு எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று நான்கு கல்தூண்களை வண்டியில் ஏற்றி வந்து, துவைக்கிற கல்லைச் சுற்றி நட்டு, ஏழடி உயரத்தில் கம்பி இழுத்தார். திராட்சைக்குச் செய்கிற மாதிரியே கன்றைக் கயிற்றில் கட்டி, ஒரே தண்டாக மேலே ஏற்றுவது அவர் திட்டம். பந்தலைத் தொடும்வரை பக்கத்தில் வெடிக்கிற தளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து, கையெல்லாம் பால் வடியக் கிள்ளினார். நான் எண்ணினேன். ஜனவரி 28 வரை எண்பத்து மூன்று தளிர்கள்.

அன்று அளந்தபோது கன்று முப்பத்தெட்டு அங்குலம். இருபத்து நான்கு வாரத்தில் வளர்ந்தது இருபத்தேழு அங்குலம். இந்த வேகத்தில் பந்தலைத் தொட இன்னும் நாற்பத்தொரு வாரம். சித்திரைக்கோ பதினோரு வாரம்தான் இருந்தது. கணக்கைச் சகலையிடம் காட்டினேன். அவர் எருவைக் குறை சொன்னார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். "கயித்த அவுத்துவிட்டுப் பாருங்க. சாஞ்சா கொடி, நின்னா செடி. இதுக்குப் போயி ரெண்டு ஆம்பளைக ஆறு மாசமா மல்லுக்கட்டுறீக."

சகலை கயிற்றை அவிழ்த்தார். கன்று ஒருமுறை ஆடியது. பிறகு விறைப்பாக நின்றது.

"மதினி, இது கொஞ்சம் திமிரு பிடிச்ச கொடி போல" என்றார் சகலை.

"ஆமா தம்பி, ஒங்க அண்ணன் மாதிரி. தப்புன்னு தெரிஞ்சும் நிமிந்து நிக்குது."

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. கிள்ளுவதை நிறுத்தியதும் அது நாலாபக்கமும் கிளைத்து, மார்ச் முதல் வாரம் பூத்தது. ஒரு பூவைப் பறித்து, அளக்க அடிஸ்கேலும் எடுத்துக்கொண்டு தெருமுனை சர்ச்சுக்குப் போனேன். அங்கே சுவர் முழுக்க அலமாண்டாக் கொடி. கொடியின் பூ நாலே கால் அங்குல அகலம், எங்களுடையது இரண்டரை. கொடிப்பூவின் குழல் அடிவரை மெலிந்திருந்தது. எங்கள் பூவின் குழல் அடியில் சிறு குடம்போல் உப்பி, தொண்டைக்குள் செம்பழுப்புக் கோடுகள் ஓடின. நான் எண்ணியவை பதினைந்து.

சர்ச் காவல்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன சார், பூவுக்குச் சட்டை தைக்கப் போறீகளா?" என்றார்.

எங்களுடையது கொடி இல்லை, செடி அலமாண்டா என்பது உறுதியானது. நிழல்தான் வரவில்லை. சகலை ஒரு திராட்சைக் குச்சி கொண்டுவந்து நடுவதாகச் சொன்னார். "இனி இந்த வீட்டுல எதையும் ஏத்திவிட வேணாம் தம்பி" என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் தெருவில் போன தென்னங்கீற்று வண்டியை அவளே நிறுத்தி, ஆறு ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கினாள். நானும் அவளும் கம்பிமேல் பரப்பி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

சித்திரை முதல் தேதி மாலை நாலு மணிக்கு அவள் நிழலில் உட்கார்ந்து துவைத்தாள். தலைவலி இல்லை. நானும் துவைக்கிற வேலையிலிருந்து தப்பினேன். கன்று, கல்தூண், வண்டி, கம்பி, கயிறு, கீற்று எல்லாம் சேர்ந்து, ஆக மொத்தம் எழுபத்து நான்கு ரூபாய் இருபத்தைந்து காசு.