கோணல் ஸ்டீயரிங்கோடு ஒரு மாதம்

என் கணவர் ஜீப்பின் உயரத்தைக் கூட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அதன் ஸ்டீயரிங் வலது பக்கம் சாய்ந்துவிட்டது.

அது பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். காடு மேடெல்லாம் ஏறலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினார். அதுவரை அது ஏறிய பெரிய மேடு ரயில்வே மேம்பாலம்தான். இருந்தாலும் இன்னும் இரண்டு அங்குலம் உயர்ந்தால் கம்பீரமாக இருக்கும் என்று ஒரு பட்டறையில் விட்டு ஸ்பிரிங் மாற்றி எடுத்து வந்தார். கம்பீரமாகத்தான் இருந்தது. நான் சுடிதாரோடு அதில் ஏற, முதலில் வலது காலா இடது காலா என்று கீழே நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

அவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஆவடி கோவில்பதாகையிலிருந்து அம்பத்தூர் ஆபீசுக்குத் தினமும் போய் வருகிறவள் நான். அதனால் ஜீப் அவருடையது, ஓட்டுவது நான் என்று ஆகிவிட்டது. முதல் நாளே வந்து சொன்னேன்.

“ஏங்க, வண்டி நேராத்தான் போகுது. ஸ்டீயரிங் மட்டும் ரைட்ல திரும்பி நிக்குது.”

“ரோடு சாய்வா இருக்கும்மா. தண்ணி வடியறதுக்காக அப்படித்தான் போடுவாங்க.”

“நம்ம ஏரியா ரோட்டுல எந்தக் காலத்துல தண்ணி வடிஞ்சுது?”

அவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு, “பழகிடும்” என்றார்.

பழகத்தான் செய்தது, கழுத்துக்கு. நேராகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சாய்த்துப் பிடித்தால் நேராகப் போகும். அப்படியே பிடித்துப் பிடித்து என் தலையும் வலது பக்கம் சாயத் தொடங்கியது. ஆபீசில் பக்கத்து சீட் தோழி, “எம்மேல எதுவும் வருத்தமா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டே பேசுற” என்று கேட்டாள்.

கழுத்துவலித் தைலம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் கணவர் தன் நண்பரைக் கூப்பிட்டார். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டு மனை விற்கிறவர். எந்தப் பொருளைப் பற்றியும் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஜீப்பை ஒரு சுற்று வந்து டயரைக் காலால் தட்டினார்.

“இதுக்குப் போய் இன்னாத்துக்கு மச்சான் மெக்கானிக்கு? ஸ்டீயரிங்க கழட்டு, நேரா வச்சு மாட்டு. வேல முடிஞ்சுது.”

“அப்படிச் செய்யலாமா அண்ணா?” என்று கேட்டேன்.

“சொவுத்துல போட்டோ கோணலா மாட்டிகினு கீது. இன்னா பண்ணுவ சிஸ்டர்? சொவுத்த இடிப்பியா, போட்டோவ திருப்புவியா?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருவரும் சேர்ந்து ஹாரன் மூடியைப் பெயர்த்து, நட்டைக் கழற்றி, ஸ்டீயரிங்கைப் பிடுங்கி, நேராக வைத்து மாட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. நண்பர் ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்துக்கு ஐந்து நிமிடம் தாமதம். வழியெல்லாம் இடது திருப்பங்கள்தான்; ஆலய வாசலில்தான் முதன்முதலாக வலது பக்கம் திருப்பினேன். ஹாரன் அடித்தது. நான் கையை வைக்கவே இல்லை. இன்னும் திருப்பினேன், இன்னும் நீளமாக அடித்தது. மாட்டும்போது உள்ளே ஏதோ ஒயர் உரசுகிற மாதிரி வைத்துவிட்டார்கள். வலது பக்கம் திரும்பினாலே ஹாரன். உள்ளே எல்லோரும் மௌன ஜெபத்தில் இருந்தார்கள். நிழல் பார்த்து நிறுத்த நான் மூன்று முறை வலப்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது போதகர் மெதுவாகச் சொன்னார்: “எக்காளம் கேட்டதும் ஆண்டவர்தான் வந்துட்டார்னு நாலஞ்சு பேர் கண்ணத் தொறந்து மேல பாத்துட்டாங்கம்மா.”

திங்கட்கிழமை அதைவிட மோசம். அம்பத்தூரில் வழக்கமான ரோட்டை அடைத்திருந்ததால், உயரம் கூட்டிய பிறகு முதல் தடவையாக யூ டர்ன் அடித்தேன். வண்டி பாதிதான் திரும்பியது. இடது பக்கம் தாராளமாகத் திரும்புகிற சக்கரம் வலது பக்கம் பாதியில் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஜீப். இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் லாரி. வலப்பக்கம் ஒடித்தபடியே இருந்ததால் ஹாரன் விடாமல் அலறியது. எல்லோரும் வழி கிடைக்காமல் காத்திருக்க, நான்தான் அவர்களைப் பார்த்து ஹாரன் அடிப்பதுபோல ஆகிவிட்டது.

ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “இன்னா மேடம், நீயே குறுக்கால நின்னுகினு நீயே சவுண்டு குடுக்குற?” என்றார்.

பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய் ஒருவழியாகத் திருப்பினேன். அழுகைதான் வந்தது. ஆபீசில் இறங்கியதும் கணவருக்குப் போன் செய்து, சனிக்கிழமை வரை இதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் அவரே வந்து ஜீப்பை எடுத்துப்போனார். மிச்ச நாளெல்லாம் நான் ரயிலில் போனேன்.

சனிக்கிழமை காலை ஜீப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். அவரை ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். கீழே ஒரு நீளக் கம்பி ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது தெரிந்தது.

“ஏங்க, பாடியத் தூக்குனீங்க. இந்தக் கம்பியோட நீளம் அப்படியேதான இருக்கு? அதான் அது இழுத்துப் பிடிக்குது.”

அவர் இறங்கி வந்து பார்த்தார். போனில் தேடிப் படித்தார். “இதத்தான் நானும் நெனச்சேன்” என்றார். ஆள் வேலைக்கு இறங்கினால் போதும் என்றிருந்தது.

கோளாறு கம்பியில்தான் என்பதால், முதலில் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பழைய கோணலிலேயே மாட்டினோம். ஹாரன் அடங்கியது. பிறகு முன்சக்கரங்களை நேராக நிறுத்தினோம். அவர் ஃபிரிட்ஜ் வந்த அட்டையை விரித்துக் கீழே படுத்துக்கொண்டார். அந்தக் கம்பியின் நடுவே மரை போட்ட குழாய் ஒன்று உண்டு. அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தளர்த்திக் குழாயைச் சுற்றினால் கம்பி நீளும், குறையும். சக்கரம் அசையாமல் நிற்பதால் மேலே ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். நான் சீட்டில் உட்கார்ந்து கவனித்தேன்.

“நேராச்சா?”

“இன்னும் சாயுது.”

“இப்ப?”

“இப்ப ரொம்பச் சாயுது. மாத்திச் சுத்துங்க.”

அப்போது குடியிருப்புச் சங்கச் செயலாளர் வாக்கிங் முடித்து வந்தார். ஜீப்புக்கு அடியில் இரண்டு கால்கள், மேலே நான். அப்படியே நின்றுவிட்டார்.

“சாருக்கு ஒண்ணும் ஆகலையே?”

“நல்லா இருக்கேன் சார்” என்று கால்கள் பக்கமிருந்து குரல் வந்தது.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் லிஃப்டுக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டீயரிங் மெல்ல எழுந்து நேராக வந்து நின்றது. “போதும், போதும்” என்றேன். கிளாம்பை இறுக்கிவிட்டு, குத்தம்பாக்கம் புது பஸ் நிலையம் பக்கம் ரோடு அகலமாக இருக்கும் என்று அங்கே போனோம். இன்னும் ஒரு விரற்கடை சாய்வு இருந்தது. ஓரமாக நிறுத்தினோம். அவர் மறுபடி அடியில் புகுந்து கால் சுற்று சுற்றினார். திரும்பவும் ஓட்டினேன். ஸ்டீயரிங் நேராக இருந்தது, வண்டியும் நேராகப் போனது. யூ டர்ன் அடித்தேன். ஒரே மூச்சில் திரும்பியது, சத்தமில்லாமல். இன்னொரு முறையும் சும்மா அடித்தேன். கழுத்தை நிமிர்த்தி ரோட்டைப் பார்த்து ஓட்டுவது இவ்வளவு சுகமா என்றிருந்தது.

ஒரு கடையில் கரும்புச்சாறு குடித்தோம். சட்டையெல்லாம் கிரீஸோடு அவர் நண்பருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல மச்சான், நேரா வச்சா சரியாப்பூடும்னு.”

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் ஓட்டினார். பூந்தமல்லி தாண்டும் வரை ஸ்டீயரிங்கையே ரசித்துக்கொண்டு வந்தார். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி, “பின்னாடி மாட்டியிருக்கற ஸ்டெப்னி டயர் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இல்ல?” என்றார்.

நான் சீட்டைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டேன்.