மணியம் அண்ணனின் மாடுகளுக்குப் புல் தேடிய கதை

புல் விதை விற்கிறேன் என்றால், "அது தானா முளைக்குமே" என்று சிரிக்காதவர்களை இதுவரை நான் பார்த்ததில்லை. மாடு வளர்க்கும் நண்பர்களே, என் வேதனை உங்களுக்குப் புரியும். எனக்கு இரவில் தங்கா பத்து என்ற ஊரில் காவல் வேலை. தூக்கம் வராத பகல்களில் இந்த வியாபாரம். புல்லைப் பற்றிய படிப்பெல்லாம் கைப்பேசியில்தான்.

குளிர்நாட்டுச் செடி

லூபோக் சீனாவில் மணியம் அண்ணன் பால்மாடு வைத்திருக்கிறார். ரோட்டோரம் புல்லறுத்துச் சுமப்பது அவர் மனைவி பாக்கியம் அக்கா. அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. தைப்பூசத்துக்குள் வீட்டுப் பக்கத்திலேயே மேய்ச்சல் வராவிட்டால் மாடுகளை விற்றுவிடுவதாக அக்கா சொல்லிவிட்டார்.

அண்ணன் யூடியூப்பில் கண்ட வெள்ளைக் குளோவர்தான் வேண்டும் என்று நின்றார். அது குளிர்நாட்டுச் செடி, நம்ம வெயிலுக்கு ஆகாது என்றேன். கேட்கவில்லை. அழகாக முளைத்தது. மழை விட்டதும் அவித்த கீரைபோல மண்ணோடு ஒட்டிக்கொண்டது. அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அந்த வீடியோ மாடு ஏர்கோன்ல பொறந்தது லா. நம்ம மாட்டுக்கு வேர்க்குது."

மருந்தடித்த கை

அடுத்து, தோட்டத்தில் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூடப் படரவிடுவார்களே, அந்தப் பயற்றங்கொடியைக் கொடுத்தேன். கொடி நிலத்தை மூடியது. மாடுகள் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டின.

அண்ணன் எஸ்டேட்டில் களைக்கு மருந்தடித்தே ஓய்வு பெற்றவர். ஓரத்து லாலாங் களைப்புல்லை மட்டும் கொல்லலாம் என்று மருந்துப் பம்பை முதுகில் மாட்டியிருக்கிறார். பிறகு பழைய நினைப்பில் நிரை பிடித்து, கொடிமேலும் அடித்தபடி நடந்துவிட்டார். அக்கா தேநீருக்குக் கூப்பிட்டபோதுதான் நின்றாராம். பாதி மேய்ச்சல் காலி. அக்கா உள்ளே போய் மாட்டு வியாபாரிக்குப் போன் போட்டார். நான் போனபோது அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயுசு முழுக்கப் புல்லைக் கொன்ன கை, தம்பி. திடீர்னு வளர்க்கச் சொன்னா அதுக்கு எப்படித் தெரியும்?"

நீலப்பூ

கருகிய பாதி தெளிந்ததும் சங்குப்பூ விதைத்தோம். கிளேபாங் கடைகளில் பலகாரத்துக்கு நீலம் ஏற்றுகிற அதே கொடி. வெயிலைப் பொருட்படுத்தாது, மாடு விரும்பித் தின்னும். மருந்துப் பம்பை அக்கா என் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்.

தைப்பூசம் நெருங்கியபோது வியாபாரி லாரியோடு வந்து நின்றார். அண்ணன் வீட்டுக்குள் போய்விட்டார். மாடுகள் கொடிகளுக்கு நடுவே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றின் வாயோரம் ஒரு நீலப்பூ. அக்கா அவற்றையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரி கயிற்றை எடுத்ததும் அக்கா அவர் குறுக்கே வந்தார்.

"இப்பதான் சாப்பிட்டுப் படுத்திருக்குங்க, தம்பி. எழுப்பாதீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

லூபோக் சீனாவில் மாடுகள் நிம்மதியாகப் படுத்திருக்கின்றன, ஊருக்கே காவல் இருக்கும் எனக்குத்தான் அப்படிப் படுத்துத் தூங்க ஒத்துக்கொள்கிற புல் இன்னும் அகப்படவில்லை.