மூன்றாவது விரல்

மருத்துவக் கட்டுரையில் ஒரு குழந்தை வரும்போதெல்லாம் சல்லடை அக்கா இடது கையில் ஒரு விரலை மடக்குவார். மூன்று குழந்தைகள் என்றால் மூன்று விரல். மடக்கியதைப் பிரிக்காமல் மற்றக் கையாலேயே தட்டச்சு செய்வார். ஒரே பிள்ளையைப் பற்றி இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே எழுதிவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். யாரும் இரண்டு முறை எண்ணிக்கையில் ஏறிவிடக் கூடாது என்பது அவர் கவலை.

மரபணு மாற்றங்களையும் அவை தென்பட்ட நோயாளிகளையும் கட்டுரைகளிலிருந்து எடுத்து, யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய இணையத் தரவுத்தளத்தில் பதிவதுதான் எங்கள் வேலை. தொடர்பில்லாத மூன்று குடும்பங்களில் தென்பட்டால்தான் ஒரு மாற்றத்துக்கு எதிரே ‘நோய்க்குக் காரணம்’ என்று போடுவோம். அதுவரை ‘தெரியவில்லை’.

அக்காவின் மகனுக்கு ஆறு வயது. தீராத வலிப்பு. அவனுடைய மாற்றத்துக்கு எதிரே, அவனையும் சேர்த்து, இரண்டே குடும்பங்கள். ‘காரணம்’ என்று வந்தால்தான் புது மருந்துச் சோதனையில் அவனைச் சேர்ப்பார்கள். சொந்தப் பிள்ளையின் பதிவைத் தொடக் கூடாது என்பது விதி. அதனால் அது என் பொறுப்பு. தண்ணீர் எடுக்கப் போகும்போதுகூட அக்கா என் திரைப் பக்கம் திரும்ப மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது குடும்பம் வந்தது. பதிந்துவிட்டுச் சொன்னேன்.

“அக்கா, மூணு ஆயிடுச்சு.”

“உன் வாயில சர்க்கரையத்தான் போடணும். அந்தக் கட்டுரையக் கொஞ்சம் குடு.”

வாசித்தார். இரண்டாவது குடும்பத்தைப் பற்றிய பழைய கட்டுரையையும் எடுத்து அருகில் வைத்தார். விரல் மடங்கவில்லை.

“தம்பி, ரெண்டும் ஒரே ஆஸ்பத்திரி. ரெண்டும் ஆம்பளப் பிள்ளை. அஞ்சாம் மாசம் முதல் வலிப்பு. பொறந்த எடைகூட அதே. இது அதே பிள்ளைதான்.”

“வேற பிள்ளையாவும் இருக்கலாம்லக்கா. டாக்டருக்கு எழுதிக் கேக்கறேன்.”

“கேளு. பதில் வர்ற வரைக்கும் எடுத்துடு.”

“அப்படியே இருந்தா என்னக்கா? யாரு வந்து பாக்கப் போறா?”

“ஊரான் பிள்ளைன்னா விட்டிருப்பேனா? சல்லடைன்னு பேர் வெச்சதே நீங்கதானே.”

எடுத்தேன். மூன்று மறுபடி இரண்டானது. மருத்துவருக்கு எழுதினேன்; இரண்டு முறை நினைவூட்டினேன். பதில் இல்லை.

ஒன்பதாவது வாரம் வந்த வலிப்பிலிருந்து பையன் மீளவில்லை. மருந்து அவனைக் காப்பாற்றியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அக்கா பத்து நாள் வரவில்லை. வந்த அன்று அவருடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தேன். “போய் வேலையப் பாருப்பா” என்றார். அந்தப் பதிவை மட்டும் நான் அப்புறம் திறக்கவே இல்லை.

மறு ஆண்டு, அக்கா வேறு பிரிவுக்கு மாறிப்போன பிறகு, வருடாந்திரச் சரிபார்ப்புக்காக அதைத் திறக்க வேண்டியிருந்தது. ‘நோய்க்குக் காரணம்’ என்றிருந்தது. கீழே, எங்கள் பொது அஞ்சலுக்கு வந்த மருத்துவரின் பதில்: இரண்டும் வேறு வேறு பிள்ளைகள், வேறு வேறு ஊர், உறவு எதுவும் இல்லை. மாற்றியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். தேதி, அவர் வேலைக்குத் திரும்பிய நாள். நேரம், காலை ஒன்பதே கால்.