கோயில் முடக்கில் உடையாத தேங்காய்

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் ரோடு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் முடக்கு முடக்காக வளைந்து போகும். லொறியும் பஸ்ஸும் துரையின் காரும் போகிற ரோடு அது. சைக்கிள் போவது அபூர்வம். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துவிடும். அந்த ரோட்டில் சைக்கிள் பந்தயம் வருகிறது என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி சொன்னபோது, பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"சைக்கிள தலையில தூக்கிக்கிட்டு வருவாங்களா கங்காணி?"

"சிரிங்க, சிரிங்க. அதுல நம்ம லயத்துப் புள்ள ஒருத்தனும் வாறான். அப்ப யாரு வாயி மூடுதுன்னு பாப்போம்."

எங்கள் லயத்து வரிசை வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளை என் தம்பி. கொழும்பில் கடைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க சைக்கிள் மிதிக்கப் போனவன். அவன் மிதிப்பதைப் பார்த்த சைக்கிள் கம்பனி ஒன்று சம்பளமும் சட்டையும் கொடுத்து, பந்தயம் ஓடுவதையே அவனுக்கு வேலையாக்கிவிட்டது. பகலெல்லாம் ஓடி, இரவில் ஓர் ஊரில் தங்கி, விடிந்ததும் மறுபடி ஓடுவார்களாம். ஒரு நாள் எங்கள் ரோட்டில் ஏறி நுவரெலியாவில் தங்கி, மறுநாள் காலை அதே ரோட்டில் இறங்கிப் போவார்கள். குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவனை மறுநாள் ஓட விடமாட்டார்கள்.

அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். அம்மா கொழுந்து எடுக்கப் போனால் வீட்டில் அவனுக்கு நான்தான் அம்மா. ஆனால் என் புருஷன் காய்ச்சலில் செத்தபோது அவன் எங்கோ பந்தயத்தில் இருந்தான். தந்தி போய்ச் சேர்ந்த நேரத்தில் இங்கே காரியமே முடிந்துவிட்டது. வெள்ளைச் சேலையில் என்னை அவன் பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கு இருந்தது. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

பந்தயத்துக்கு முதல் நாள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: "நாளைக்கு நீ ரோட்டுப் பக்கம் வராதடி. புள்ள போற வழி. எதுக்க நிக்காத."

அம்மா கெட்டவள் இல்லை. எல்லோரும் நம்பியதை அவளும் நம்பினாள்.

"நான் எதுக்கு வாறேன்? எனக்கு மலையில வேல கெடக்கு" என்றேன். வேண்டாம் என்ற இடத்தில் போய் நிற்கிற பழக்கம் எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

பந்தய நாள் பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் எல்லோரும் கோயில் முடக்குக்கு ஓடினார்கள். நான் மட்டும் மேலே மலையில் நின்றேன். யாருமில்லாத தேயிலை மலை பெரிதாகத் தெரியும். நான் கொழுந்து ஒடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

கீழே தப்பு அடித்தார்கள். போலீஸ் மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வந்தது. அம்மா நடு ரோட்டுக்கு வந்து, இரண்டு கையாலும் தேங்காயைத் தூக்கிச் சிதறுகாயாக அடித்தாள். மற்ற நாளென்றால் பிள்ளைகள் விழுந்தடித்துச் சில்லுகளைப் பொறுக்கியிருப்பார்கள். அன்று போலீஸ்காரர் எல்லோரையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். சில்லுகள் ரோட்டிலேயே கிடந்தன. அதற்குள் சைக்கிள்கள் வந்துவிட்டன. எல்லோரும் குனிந்த தலையோடு ஒரே மாதிரி இருந்தார்கள். என் தம்பி யாரென்று எனக்குத் தெரியவில்லை. முடக்கு முடக்காக ஏறி, எனக்குக் கீழே ரோட்டில் கடந்து போய்விட்டார்கள். அவ்வளவுதானா என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். எனக்கு நேர் கீழே, மதகுக் கல்லோரம் நிறுத்தினான். முன் டயரில் காற்றே இல்லை. குதிகாலைத் தூக்கிக் குந்தினான் பாருங்கள், அந்தக் குந்தலில்தான் கண்டுகொண்டேன். சின்னதில் பீலிக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்க அப்படித்தான் குந்துவான்.

இறங்கவா வேண்டாமா என்று நின்றேன். அம்மா சொன்னது காலைப் பிடித்தது. அவன் நிமிர்ந்து, கம்பளியைத் தலையில் போட்டிருந்த என்னைப் பார்த்துக் கத்தினான்:

"ஆத்தா, குடிக்க ஏதாச்சும் இருக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தோடேதான் இறங்கினேன்.

"யாருடா ஒனக்கு ஆத்தா?"

வாயைத் திறந்தபடி பார்த்தான். "அக்கா!" என்றான். பிறகு என் சேலையைப் பார்த்தான். "எல்லாரும் கோயில் முடக்குல நிக்கிறாங்க. நீ ஏன் இங்க தனியா நிக்கிற?"

"வேல கெடந்துச்சு. சைக்கிளப் புடிக்கவா?"

"ஐயோ, தொடாதக்கா! யாராச்சும் ஒதவுனா என்னைய வெளிய போட்டுருவாங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். போத்தலில் இருந்த தேத்தண்ணியை மதகுக் கல்லில் வைத்தேன், எடுத்துக் குடித்தான். தோளில் மாலை மாதிரி குறுக்கே போட்டிருந்த புது டயரைக் கழற்றினான். பழையதைப் பல்லால் கடித்து இழுத்துப் பிரித்தான். அதில் குத்தி நின்ற ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தான். தேங்காய்ச் சிரட்டைச் சில்லு.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"அம்மா ஒடைச்சதா?"

"வேற யாரு ஒடைப்பா?"

சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். புருஷன் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சில்லைத் தேயிலைக்குள் வீசிவிட்டு, புது டயரை மாட்டிக் காற்றடித்துக்கொண்டே சொன்னான்: "அம்மாகிட்ட சொல்லிறாதக்கா. தாங்காது."

"நான் ஏன் சொல்றேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா. நீ மொதல்ல ஏறு."

ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான். "நாளைக்கு எறங்கி வருவோம். மலையில நிக்காத. ரோட்டுல வந்து நில்லு, எனக்காக." முடக்கு அவனை மறைத்தது. அவன் டயர் மாற்றிய நேரம்தான் எங்கள் இருவருக்கும் கிடைத்த நேரம்.

தம்பி கடைசி ஆளாக, ஆனால் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பொழுது சாயும்போது செய்தி வந்தது. அதோடு இன்னொரு செய்தியும் லயம் முழுக்கப் பரவியது. "அக்காக்காரி எதுக்க வந்து நின்னாளாம். அதான் டயரு போச்சாம்." பந்தயத்துக்குப் பின்னால் வந்த ஜீப்பில் இருந்தவர்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள்.

அம்மா கேட்டாள். "சொல்லியும் போனியாடி?"

தேங்காய்ச் சில்லு என் நாக்கு நுனியில் நின்றது. "போனேன்" என்று மட்டும் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் தலை சீவி, வெள்ளைச் சேலையைத் துவைத்து உலர்த்தியதாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கோயில் முடக்கில் போய் முன்வரிசையில் நின்றேன். என் பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. மேலே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அம்மா ரோட்டுக்குள் இறங்கினாள். கையில் இன்னொரு தேங்காய். நேற்று வந்த கெட்டதைக் கழிக்கப் பெரிய காயாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

ஏற்றத்தில் டயர் போனால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில், அந்த வேகத்தில், அந்த முடக்கில் போனால் கீழே பள்ளம்தான். சொல்லவும் முடியாது, சத்தியம் பண்ணியிருந்தேன். சொன்னாலும் என் பேச்சை யார் கேட்பார்கள்?

போய் அம்மா கையிலிருந்த தேங்காயைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அடிப் பாவி! தொட்டுட்டியேடி!"

"அறுத்தவ தொட்ட காய ஒடைக்காத ஆயா!" என்று ஒருத்தி கத்தினாள். "கட்டுன புருஷன முழுங்குனது பத்தலையா, கூடப்பொறந்தவனும் வேணுமா?" என்று இன்னொருத்தி கேட்டாள். நான் காயை மடியோடு அணைத்துக்கொண்டேன். நான் தொட்ட காயை இனி யாரும் உடைக்க மாட்டார்கள். அது போதும்.

சைக்கிள்கள் வந்தன. ஏறும்போதாவது முதுகுகள் தெரிந்தன. இறங்கும்போது காற்றும் நிறமும்தான். உஸ்ஸென்று போய்விட்டார்கள். ஒருவரும் விழவில்லை. எதில் தம்பி போனான் என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்தது. நான் தேங்காயோடு தனியாக வீட்டுக்கு நடந்தேன். அதை நானே உடைத்து, துருவி, சம்பல் அரைத்தேன். அம்மா தொடவில்லை. நான் ரொட்டியோடு வயிறு நிறையச் சாப்பிட்டேன். நல்ல காய்.

தீபாவளிக்குத் தம்பி வந்தான். அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் வந்து குந்தி, மெல்லக் கேட்டான்:

"எறக்கத்துல தலையத் தூக்க ஏலாதுக்கா. ஒன்னையக் காணல. அன்னைக்கு நின்னியா?"

"நின்னேன்" என்றேன்.