ஏழாம் இலக்கத் தாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொழும்பில் சுகாதார உளவியல் முதுமாணிப் படிப்பில் சேர்ந்த பிறகு, அந்த வாய்க்கே பட்டம் தரப்போகிறார்கள் என்பதுபோல நடந்துகொண்டேன். யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். பஸ்ஸில் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போகும் பழக்கம் அப்போதுதான் விட்டுப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் ஊரான கனமூலைக்குப் போய் வீட்டுக்குள் நுழைந்ததும் உம்மாவிடம் முதல் கேள்வி, குளிசை குடித்தீர்களா என்பதுதான். உம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. ஓம் என்பார். நான் நம்பாமல் அலுமாரியைத் திறந்து குளிசை அட்டையை எடுத்துப் பார்ப்பேன். நாள் தவறாமல் உடைக்கப்பட்டிருக்கும்.

என் ஆய்வும் அதைப் பற்றித்தான். சீனி வருத்தக்காரர்கள் ஏன் மருந்தை இடையில் விட்டுவிடுகிறார்கள்? எங்கள் ஊரில் நான் போய்க் கேட்டால் என் முகத்துக்காக எல்லாரும் நல்ல பதிலாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் உடப்பைச் சேர்ந்த வகுப்புத் தோழியும் நானும் ஊர் மாற்றிக்கொண்டோம். அவளுடைய ஊருக்கு நான் போனேன், எங்கள் பக்கத்துக் கிளினிக்குக்கு அவள் போனாள். என் வீட்டாரை அவள் கண்டதே இல்லை. பெயர் எழுதமாட்டோம், இலக்கம் மட்டும்தான். சொன்னது யாருக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுத்துத்தான் பேச வைத்தோம். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்.

அவள் எழுதித் தந்த நேர்காணல்களை விடுதிக் கட்டிலில் இருந்து வாசித்தேன். ஏழாம் இலக்கம் ஒரு தாய். குளிசை குடித்தால் வயிறு கலங்குதாம், ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்க முடியவில்லையாம், குடிக்காமல் விட்டுப் பல மாதமாம். வழக்கமான காரணம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

"மகள் கொழும்பில படிக்கிறா. வந்த உடன அலுமாரியத் தொறந்து அட்டையத்தான் பாப்பா. அதால ஒவ்வொரு நாளும் ஒண்ட உடச்சி கிணத்தடி வாழைக்குப் போட்டுருவன். சீனி கூடினாலும் தாங்கலாம், அவட பேச்சத் தாங்க ஏலா."

கொழும்பில் மகள் படிக்கிற தாய்மார் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் என்று என்னையே ஏமாற்றப் பார்த்தேன். சரிவரவில்லை. எங்கள் கிணற்றடியிலும் வாழை இருந்தது. அந்த வருடம் நல்ல குலை வேறு தள்ளியிருந்தது.

சிறுநீரகம், கண், கால் என்று படித்ததெல்லாம் உம்மாவின் உடம்பில் வந்து நின்றது. போனை எடுத்தேன், வைத்தேன். நான் வாய் திறந்தால் கிளினிக்கில் நம்பிச் சொன்ன கதை மகள் காதுக்கு வந்ததென்று உம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டார், டாக்டரிடம்கூட. திறக்காவிட்டால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய் அழுதேன். அவர் முதலில் அந்தத் தாள்களை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்த கிளினிக் நாளில் தோழி அந்தத் தாயைத் திரும்பவும் சந்தித்து, வயிற்றுக் கோளாறை டாக்டரிடம் சொன்னால் வேறு குளிசை தருவார்கள் என்று எடுத்துச் சொல்லட்டும் என்றார்.

"அதுவரைக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்றார்.

இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுக்குப் போனேன். உம்மாவின் கால் பெருவிரலில் சின்னக் காயம். செருப்புக் கடித்ததாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அலுமாரிப் பக்கம் போகவில்லை. நான் கேட்பதால்தானே உம்மா பொய் சொல்கிறார், கேட்காமல் விட்டால் அவராகவே உண்மையைச் சொல்லமாட்டாரா என்று ஒரு நப்பாசை.

சோறு போடும்போது உம்மா இரண்டு தரம் என் முகத்தைப் பார்த்தார். சுகமில்லையா என்றார். இல்லை என்றேன். கோபமா என்றார். அதுவும் இல்லை என்றேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு என் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"குடிச்சிட்டன் மகள்" என்றார்.

நான் கேட்கவேயில்லை. நிமிர்ந்து பார்த்தேன். உம்மா என்னைப் பார்த்துப் பயந்துபோய் நின்றார்.