குஞ்சுகள் தாமாக அடைந்த மாலை

குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழியைப் பிடிப்பது சுலபம். அது ஓடாது. குஞ்சுகளை விட்டுவிட்டு எங்கே ஓடும்? நின்று இறகைச் சிலுப்பிக் கொத்த வரும், அவ்வளவுதான். என் அப்பாவுக்கு இது தெரியாது. மூலனூரிலிருந்து மாமன் ஒரு கட்டு முருங்கைக்காயோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார், மச்சானைக் கறிச்சோறு போடாமல் அனுப்பினால் மரியாதையாக இருக்காது, இது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றக் கோழிகள் ஆளுக்கொரு கூரையில் ஏறிக்கொண்டன. தாய்க்கோழி மட்டும் நின்றது.

அம்மா அன்று ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மேசை முன்னால் நின்றபடி பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டையும் கறையும் தேடுவது. ஏதோ ஏற்றுமதி அவசரம் என்று அரை நாளுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மத்தியானம் அவள் வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குப்பைக்குழிப் பக்கம் செம்பட்டை இறகுகள் கிடந்தன. வேலியோரம் குஞ்சுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. அம்மா இரண்டையும் பார்த்தாள். கை கால் கழுவிக்கொண்டு வந்து அண்ணனுக்கு இலை போட்டாள், சிரித்துப் பேசினாள், வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். அவர் பஸ் ஏறிப் போன பிறகுதான் அப்பாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, வேற கோழி கெடைக்கலீங்களா?"

"இதுதான் புள்ள கைக்கு ஆப்புட்டுது" என்றார் அப்பா.

அம்மா சண்டை போடவில்லை. அப்போதெல்லாம் சண்டை போடவும் அவளிடம் தெம்பு இருந்ததில்லை. எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது. அது கோழிக்காக வந்த அழுகை இல்லை. நான் மூன்றாம் வகுப்பு, தம்பி பால்வாடி. அம்மா கம்பெனிக்குப் போகாமல் வீட்டோடு இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வயதில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. கேட்கும்போதெல்லாம், "கோழி பெருகட்டும் கண்ணு, அப்பறம் நான் எதுக்குப் போறேன்" என்பாள். அதை நான் அட்சரம் பிசகாமல் நம்பியிருந்தேன். எனக்கு ஒவ்வொரு குஞ்சும் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வரப்போகிற குஞ்சு.

அன்று சாயங்காலமே அம்மா ஓர் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். பனியன் அடுக்கி வரும் பெட்டி. அடியில் உமி பரப்பி, மேலே குறுக்குக் கம்பு வைத்து, குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டாள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்தால் குளிர்கிறது என்று அர்த்தம். மூலைக்கு மூலை விலகிப் படுத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். வேலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பெட்டியின் பக்கத்தில் குந்திக்கொண்டு அவை எப்படிப் படுத்திருக்கின்றன என்று பார்ப்பாள். பிறகுதான் எங்களைப் பார்ப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

இறக்கையில் இறகு முளைக்க ஆரம்பித்ததும் பெட்டியில் இடம் போதவில்லை. நாற்றமும் தாங்கவில்லை. வெளியே விட்டாகவேண்டும். ஆனால் மாதம் கார்த்திகை. காலையில் புல்லெல்லாம் நனைந்து கிடக்கும், பாதி நாள் மூட்டம் போட்டு வாடைக்காற்று வீசும். தாய் இருந்தால் குளிரும்போது உள்ளே போய் ஒண்டிக்கொள்ளும். இவற்றுக்கு ஒண்டுவதற்கு இடம் இல்லை. வெயில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம், அதுவும் காய்ந்த மண்ணில், கூடையைக் கவிழ்த்து வைத்து விட்டால் போதும் என்பது அம்மாவின் கணக்கு. வெயில் ஏறும் நேரத்தில் அவள் கம்பெனியில் இருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். சோற்று மணி அடித்ததும் ஓடி வந்து பெட்டியைச் சுவரோரம் வெயிலுக்குத் தூக்கி வந்து, குஞ்சுகளை மண்ணில் விட்டுக் கூடையைக் கவிழ்ப்பேன். மறு மணிக்குள் திரும்பப் பெட்டியில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடுவேன்.

இந்த ஏற்பாடு அப்பாவுக்குப் போதவில்லை. கோழி விஷயத்தில் அவருக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது. அவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் பக்கத்தில் சைக்கிள் துடைக்க, அடுப்பிலிருந்து சட்டி இறக்க, காயத்துக்குக் கட்ட, தலையணை அடைக்க எல்லாவற்றுக்கும் பனியன் துணிதான். குளிருக்கும் அதுதான் என்று அவர் நினைத்ததில் தப்புச் சொல்ல முடியாது. பனியன் கைக்கு வைத்துத் தைக்கும் ரிப் துணி குழாய் மாதிரி இருக்கும். நீட்டினால் நீளும், விட்டால் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மறுபடியும் அரை நாள் வேலைக்குப் போன பிறகு, வாசலில் உட்கார்ந்து துண்டு துண்டாக நறுக்கி, இறக்கைக்கு ஓட்டை போட்டு, ஒவ்வொரு குஞ்சுக்கும் மாட்டிவிட்டார். சிவப்பு, நீலம், வெள்ளை. தம்பி கைதட்டினான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒருவர், "அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதுங்களே மாஸ்டர்" என்று பாராட்டியும் விட்டார். பனியன் போட்ட குஞ்சுக்கு என்ன குளிர் என்று காலையிலேயே புல்லில் திறந்து விட்டோம்.

புல்லில் பனி. கொஞ்ச நேரத்தில் தூறலும் போட்டது. அப்பா கவலைப்படவில்லை, நானும் படவில்லை, அதுதான் உடுப்பு இருக்கிறதே.

அம்மா வந்தபோது குஞ்சுகள் வேலியடியில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தன. ரிப் துணி தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். வெட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"குளுருன்னாத் தாங்கிக்குமுங்க. ஈரத்தத்தான் தாங்காது."

எல்லாவற்றையும் பல்புக்குக் கீழே விட்டாள். கருப்புக் குஞ்சு ஒன்று மட்டும் நிற்கமாட்டாமல் சாய்ந்தது. அதைச் சேலை மடியில் கட்டிக்கொண்டு சோறாக்கினாள், எங்களுக்குப் போட்டாள், பாத்திரம் கழுவினாள். பொழுது சாய்கையில் மடியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, முருங்கை மரத்தடிக்கு மண்வெட்டியோடு போனாள். அப்பா சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார், மிச்சமிருந்த ரிப் துணியால்.

அதற்குப் பிறகு அம்மா அப்பாவை நம்பவில்லை, நிதானமாகச் செய்தாள். பல்பு ஒயரில் சில நாளைக்கு ஒருமுறை ஒரு முடிச்சுப் போடுவாள். முடிச்சு விழ விழ பல்பு மேலே ஏறும், சூடு குறையும். குஞ்சுகள் முதல் நாள் கத்தும், அடுத்த நாள் நெருங்கிப் படுத்துப் பழகிக்கொள்ளும். நானும் மத்தியான நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன். பிறகு பள்ளிக்கூடம் விடும்வரை அவை வெளியிலேயே மேய்ந்தன. ஒருநாள் அம்மா பல்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அதே நாட்களில் அவளுக்குப் பஸ் சரியாகக் கிடைக்காமல் போயிற்று. விளக்கு வைப்பதற்குள் வருகிறவள், வைத்த பிறகு வர ஆரம்பித்தாள். பிறகு அதற்கும் மேலே. "பஸ்சு கெடைக்கல சாமி" என்பாள். அப்பா ஏற்கெனவே ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர், நாங்கள் தூங்கிய பிறகுதான் வருவார். அதனால் தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்ட நான் கற்றுக்கொண்டேன். கதவைத் தாழ் போடவும், அம்மாவின் குரல் கேட்டால் மட்டுமே திறக்கவும் அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள். முதல் நாள் தம்பி அழுதான். அடுத்தடுத்த நாள் அழவில்லை. எனக்குப் பஸ்காரர்கள் மேல்தான் கோபம்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், கூடையை எடுத்துக்கொண்டு போனால் குஞ்சுகளைக் காணவில்லை. தேடினால், முருங்கை மரத்தின் தாழ்ந்த கிளையில் வரிசையாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அடைந்திருந்தன. யாரும் ஏற்றிவிடவில்லை. அம்மா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"அதுகளாவே ஏறிக்கிச்சும்மா."

அம்மா அண்ணாந்து பார்த்தாள். "தம்பி சாப்புட்டானா கண்ணு?"

"நாந்தான் ஊட்டி உட்டேன். தூங்கியும் போயிட்டான். நீ வராட்டியும் ஒண்ணுமில்லம்மா, நானே பாத்துக்குவேன்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். கோழிகள் தேறிவிட்டன, இனி அவள் கம்பெனியை விட்டுவிடுவாள், அதைச் சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "செரி கண்ணு" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து அவளும் ஒன்றரை ஷிப்ட் போனாள். பல வருடங்கள் போனாள். கோழிகள் முட்டையிட்டன, பெருகின, விருந்தாளிகளுக்குக் குழம்பாயின. நான் அவற்றுக்குத் தீனி போடுவதையே விட்டுவிட்டேன். அவை ஏமாற்றிவிட்டன என்பது என் எண்ணம்.

எனக்கும் கல்யாணமாகி, நானும் ஷிப்ட் முடிந்து கால் கடுக்க வீடு திரும்பும் காலத்தில்தான், எதிர்வீட்டுப் பெரியம்மா பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னார். "உங்கம்மாளுக்கு ஏது பஸ்சு தப்புச்சு? எப்பவும் போல வந்துருவா. எங்கூட்டு வாசல்ல இருட்டுல உக்காந்துக்கிட்டு உங்கூட்டுக் கதவையே பாத்துட்டு இருப்பா. பையன் அழுத அன்னைக்கு அவளும் அழுதா. போடின்னாலும் போகமாட்டா. பழகட்டுங்க அப்படிம்பா."

அன்று மரத்தடியில் என் பேச்சைக் கேட்டு முடித்த பிறகும் அம்மா உள்ளே வரவில்லை. இருட்டில் ஒன்றும் தெரியாத அந்தக் கிளையையே வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். குஞ்சுகளை எண்ணுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.