கூட்டுரோட்டில் என் முகம்

பட்டாளத்தில் சேர்ந்தால் முதல் நாள் என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால், முதலில் முடி போகும், அப்புறம் போன் போகும் என்பேன். முடி போனதற்கு நான் கவலைப்படவில்லை. போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள் பாருங்கள், அப்போதுதான் ஊர் எவ்வளவு தூரம் என்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் தருவார்களாம்.

பயிற்சி முகாம் வடக்கே, ரயிலில் இரண்டு நாள். ஓட்டம் எனக்குப் புதிதல்ல. ஆள் எடுப்பதற்கு முன் ஹைவே ஓரத்தில் தினம் ஓடியவன்தான். ஆனால் அங்கே நினைத்தால் நிற்கலாம். இங்கே கக்கூசுக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டும். திட்டு முழுக்க இந்தியில். புரியாமல் முழித்தால் அதற்கும் தண்டனை: டிரங்குப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வேண்டும். பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். நான் மனதுக்குள் தமிழில் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது.

பத்தாம் நாள் முடிவு செய்துவிட்டேன். போதும், ஊருக்குப் போகிறேன். விலகுவதற்கு வழி இருந்தது. நான் எழுதிக் கொடுக்க வேண்டும், அப்பாவும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். என் பங்கை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் ஊருக்குப் பஸ் இறங்கும் புதுவாயல் கூட்டுரோட்டில் என் ஃப்ளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. தேர்வாய் கண்டிகை கம்பெனியில் என்னோடு கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்கள் கட்டியது. முகம் மட்டும் என்னுடையது. யூனிபார்ம், உடம்பு, மார்பு நிறைய மெடல் எல்லாம் வேறு எவனுடையதோ. பின்னால் ஒரு பீரங்கி. மேலே, 'எல்லை காக்கப் புறப்பட்ட எங்கள் சிங்கமே'. அந்தச் சிங்கம் பத்தே நாளில் பெட்டியோடு அதே கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால்? ஷிப்டுக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணாந்து அதை ஒரு தடவை பார்ப்பான், திரும்பி என்னை ஒரு தடவை பார்ப்பான். புலிவாலைப் பிடித்த கதைதான். இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

முதல் ஞாயிறு பேசியபோது "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறு சொல்லியே தீருவது என்று வரிசையில் நின்றேன். அப்பாதான் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நைனா, கூட்ரோட்டுல இருந்த உன் ஃப்ளெக்ச அவுத்துக்கினு வந்துட்டேன்."

"ஏன்ப்பா?"

"கேட்டவங்ககிட்ட, களத்துல நெல்லு கீது, மூடறதுக்கு வோணும்னு சொல்லிட்டேன்."

"அங்க மழையா?"

"மழையும் இல்ல, ஒண்ணியும் இல்ல. போன வாரம் உன் குரலே சரியில்ல. பேஜாரா இருந்தா வந்துடு. இங்க எவனும் உன் மூஞ்சிய அண்ணாந்து பாக்க மாட்டான்."

அப்பாவுக்கு முட்டிவலி. வரப்பில் ஏறவே யோசிப்பவர். பிள்ளை பட்டாளத்துக்குப் போகிறான் என்று ஊரிலேயே அதிகம் மார்தட்டியவரும் அவர்தான். அவர் ஏணி வைத்து ஏறி, கயிற்றை அவிழ்த்து, என் முகத்தை மடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தேன். இந்த மனிதரிடம் கையெழுத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னாலிருந்து உஸ்தாத் "ஜல்தி" என்று கத்தினார்.

"இருந்து பாக்கறேன்ப்பா" என்றேன். "ஆனா அந்த ஃப்ளெக்ச மட்டும் திரும்பக் கட்டாத."